கீழே ஆர்?

வியாழன், நாலரை மணி.
பீல் நகரத்துப் பள்ளியொன்றின் உடற்பயிற்சிக்கூடம்.
வாசலில் பிள்ளைகளின் சப்பாத்துகள்,
ரப்பர் விரிப்பின் மணம், ஈர ஜாக்கெட்டுகளின் மணம்.

ரூக்செக்கர் ரீச்சர் ஸ்பீக்கரை முடுக்குகிறார்.
தவளை என்கிறது பாட்டு,
பதினொரு தவளைகள்.
கரடி என்கிறது,
பதினொரு கரடிகள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு.
முதலில் ஜெர்மனில், பிறகு பிரெஞ்சில்;
இந்த ஊரில் தவளைக்கும்
இரண்டு மொழி தெரிந்திருக்க வேண்டும்.

என் தேனுகா மட்டும்
தரையில் கீறிய சிவப்புக் கோட்டில் நிற்கிறாள்,
பஸ்சுக்கு நிற்பவளைப் போல.

நான் சுவரோரம், தாய்மாருக்கு நடுவில்,
ஆஸ்பத்திரிக் குசினியில்
விடியற்காலையிலிருந்து தட்டுக் கழுவிய கால்களோடு.
பாட்டு திரும்பத் திரும்பச் சொல்வது ஒரு சொல்.
எங்களிடம் எத்தனை!
தவளை தத்தும், மான் துள்ளும்,
குரங்கு தாவும், புலி பாயும்,
கன்றுக்குட்டி குதிக்கும்,
ஒற்றைக் காலில் என்றால் கெந்துதல்.
இவ்வளவையும் வைத்துக்கொண்டு
பிள்ளைக்கு நான் கொடுத்தது ஒன்றே ஒன்று:
மெல்ல.

மெல்ல நட. மெல்ல, கதிரையை இழுக்காதே.
மெல்ல, கீழ்வீட்டு பூல்மான் ஐயா
கண்ணயரும் நேரம்.
மத்தியானம் ஒரு மணித்தியாலம் சட்டம்,
இரவு பத்துக்குப் பிறகு சட்டம்,
ஞாயிறு முழுக்கச் சட்டம்.
சட்டம் இல்லாத நேரத்துக்குத்
தும்புத்தடிப் பிடி இருக்கிறது.
எண்ணி மூன்று தட்டு.
கெட்டவர் என்று சொல்ல மாட்டேன்.
போன நத்தாருக்கு
எங்கள் கதவுக் கைப்பிடியில் ஒரு பை தொங்கியது;
உள்ளே, தடித்த கம்பளிக் காலுறை,
நாலு வயதுக் கால் அளவு.

அதைத்தான் இன்றும் போட்டிருக்கிறாள்.

மூன்றாம் பாட்டு நடக்கும்போது
பிள்ளை படுத்துவிட்டாள்.
காய்ச்சலோ என்று ஓடினேன்.
காதைத் தரையில் வைத்திருந்தாள்.
"அப்பா, கீழ ஆர் இருக்கினம்?"

ரீச்சர் வந்து முழந்தாளிட்டார்.
என் உடைந்த ஜெர்மனில் கேள்வியைக் கொடுத்தேன்.
சிரிக்கவில்லை.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு
அவரும் காதை வைத்தார், நரைமுடி ரப்பரில் பரவ.
கன நேரம் கேட்டார்.
"ஒருத்தரும் இல்லை. தண்ணீர்க் குழாய் ஒன்று போகிறது.
அதற்குக் கீழே மண்."
"மண்ணுக்குக் கீழ?"
நான் கேட்டுச் சொன்னேன்.
"இன்னும் மண்."

தேனுகா எழும்பி இருந்து
காலுறை இரண்டையும் உருவினாள்.
உருட்டி என் கையில் தந்தாள்.
ஒரு குதி.
நின்றாள். காத்திருந்தாள்.
அவள் உதடு எண்ணுவதைக் கண்டேன்,
ஒன்று, இரண்டு, மூன்று.
தட்டு வரவில்லை.

அதற்குப் பிறகு அவள் தவளையுமில்லை கரடியுமில்லை.
பெயர் வைக்காத ஏதோ ஒன்று
ஏணிச்சட்டம்வரை ஓடி மோதித் திரும்பியது.

பாட்டு நின்றது.
விளையாட்டின் விதி: நின்றால் சிலை.
பதினொரு சிலைகள், ஒன்றுக்கு மூக்கு ஒழுகியபடி.
அவள் நிற்கவில்லை.
சிலைகளுக்கு இடையால் பாய்கிறாள், கெந்துகிறாள்.
ரீச்சரின் விரல் பொத்தானுக்கு மேலே இருக்கிறது,
அழுத்தவில்லை.
அந்தப் பெரிய கூடத்தில்
இரண்டு வெறுங்கால்களின் சத்தம் மட்டும்.
இவ்வளவு சத்தமா
என் வீட்டில் இருந்தது?

திரும்பும்போது இருட்டு.
சூஸ் ஆற்றின் சின்னப் பாலத்தில்
கம்பிக்குள் தலையை விட்டுப் பார்த்தாள்.
தண்ணீரில் நாலைந்து வாத்துகள்,
கழுத்தைச் செட்டைக்குள் செருகிக்கொண்டு.

"ஷ்ஷ்" என்றாள் எனக்கு.
நுனிக்காலில் பாலத்தைக் கடந்தாள்.
நானும்,
நாற்பத்தியொரு வயதும் குசினிச் சப்பாத்துமாக,
அவளுக்குப் பின்னால்,
நுனிக்காலில்.